சேவையகமும் அதன் புதுப்பிப்பும்



பாடசாலை அலுவலகத்தின் மூலையிலோ, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கறையிலோ, சிறு மருந்தகம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழேயோ, திரையும் விசைப்பலகையும் இல்லாத கணினியொன்று இரவும் பகலும் மெல்ல இரைந்துகொண்டிருப்பதை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். அதன் முன்னால் ஒருவரும் அமர்வதில்லை. ஆயினும் அவ்விடத்திலுள்ள ஏனைய கணினிகள் யாவும் தமக்கு வேண்டியவற்றை அதனிடமே கேட்டுப் பெறுகின்றன. பிள்ளைகளின் பெயர்ப் பதிவு, தவணைப் பரீட்சைப் புள்ளிகள், நூலகப் பட்டியல், ஆசிரியர் வரவு முதலியன அதனுள்ளே இருக்கின்றன. இதனைச் சேவையகம் என்பர். பேச்சு வழக்கிலே சேர்வர் என்போம். இச்சேவையகத்தை இயக்குகின்ற பணிசெயல் முறைமையைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு உயர்த்துவது எவ்வாறு, அதனை ஏன் நாட்கடத்தலாகாது என்பன பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

நான் கலைப் பட்டதாரி. குண்டசாலையிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். இத்தகைய விடயத்தைப் பொறியியலாளரிடம் விட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் பாடசாலைகளிற் பொறியியலாளர் இல்லை. தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரும் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அவர் சென்றபின் எஞ்சுவது அந்த இரைகின்ற பெட்டியும், கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியுமே. விசைப்பலகையில் விரல் வைப்பவர் யாராயினும், பதிவேடுகளுக்குப் பொறுப்பாளி நிறுவனத்தின் தலைவரே. ஆதலின் நடப்பது இன்னதென்று அவர் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

முதலில் இந்த முறைமையைச் சிறிது அறிந்துகொள்வோம். 1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் லினக்ஸ் என்னும் கருவை எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று உலகுக்கு அளித்தார். அக்கருவைச் சுற்றி வேண்டிய மென்பொருள்களைத் தொகுத்து வழங்குவோர் பலர் தோன்றினர். 1993இற் பிறந்த டெபியன் என்பது அவற்றுள் ஒன்று. 2004இல் வந்த உபுண்டு அதன் வழியிற் பிறந்தது. நம் நாட்டவரும் வாளாவிருக்கவில்லை. கண்டிக்குத் தெற்கே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய லினக்ஸ் தொகுப்பொன்று, பெடோரா என்னும் தொகுப்பை அடியாகக் கொண்டு இலங்கையில் ஆக்கப்பட்டது. எங்கள் பாடசாலைச் சேவையகத்தில் இருப்பது டெபியன். விலை கொடுத்து வாங்க வேண்டாதது என்பதே நாம் அதனைத் தெரிந்தமைக்கு முதற் காரணம் என்பதை ஒளிக்காமற் சொல்கின்றேன்.

இத்தொகுப்புகள் நூல்களைப் போலப் பதிப்புப் பதிப்பாக வெளிவருவன. டெபியனின் 12ஆம் பதிப்பு 2023 யூன் மாதத்திலும், 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்ட் மாதத்திலும் வெளிவந்தன. ஒவ்வொரு பதிப்புக்கும் எண்ணோடு ஒரு செல்லப் பெயரும் உண்டு. அப்பெயர்கள் யாவும் பொம்மைகளின் கதையைக் கூறும் ஓர் அமெரிக்கச் சித்திரப் படத்தின் பாத்திரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 12ஆம் பதிப்பு புக்வேர்ம், அதாவது புத்தகப் புழு. 13ஆம் பதிப்பு டிரிக்ஸி. என்றும் முற்றுப்பெறாது மாறிக்கொண்டே இருக்கும் பரிசோதனைப் பதிப்புக்கோ, அப்படத்திற் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயரான சிட் என்பதை இட்டிருக்கின்றனர். தொழினுட்பம் அறிந்தோருக்கு நகைச்சுவை இல்லை என்று யார் சொன்னார்?

ஒரு பதிப்பு வெளிவந்து ஏறத்தாழ மூன்றாண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் ஈராண்டு நீண்டகாலப் பராமரிப்பும் பெறும். பராமரிப்பு என்றால் என்ன? மனிதர் எழுதிய மென்பொருளில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவ்வோட்டைகளை நல்லோரும் தேடுகின்றனர், கள்வரும் தேடுகின்றனர். ஓட்டை தெரிந்தவுடன் அதனை அடைக்கும் திருத்தம் வெளியிடப்படுகின்றது. பராமரிப்புக் காலம் முடிந்த பதிப்புக்கு அத்திருத்தம் வராது. டெபியனின் 10ஆம் பதிப்புக்கும், சென்டோஸ் என்னும் தொகுப்பின் 7ஆம் பதிப்புக்கும் 2024 யூன் 30ஆம் திகதியோடு இக்காலம் முடிந்தது. அன்றைக்குப் பின்னரும் அவற்றைத் தாங்கிய பொறிகள் முன்போலவே ஓடின. ஒரு சத்தமும் மாறவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உடைந்த பொறியை நாம் திருத்துவோம். ஓடுகின்ற பொறியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இஃது எங்கோ பிறநாட்டில் நிகழும் காரியம் என எண்ணற்க. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, நமது இலங்கை அரசாங்க மேகக்கணிமை என்னும் பொதுச் சேவையின்மீது, தரவுகளைப் பூட்டி வைத்துப் பணம் பறிக்கும் தீய மென்பொருளின் தாக்குதல் நிகழ்ந்தது. அரசாங்க முகவரியைக் கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். முறைமையை மீட்டெடுத்தார்கள், ஆயின் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த மடல்கள் மீளவில்லை, அக்காலப் பகுதிக்குக் காப்பு நகல் இருக்கவில்லை. அங்கே ஓடிய மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் என்பதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பராமரிப்பு அதே ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதியே முடிந்துபோயிருந்தது. பணத் தட்டுப்பாட்டினாலும் முந்திய தீர்மானங்களினாலும் புதுப்பித்தல் தாமதமாயிற்று என்று பொறுப்பானவர்கள் அன்று விளக்கமளித்தனர். அது லினக்ஸ் அன்று. ஆனால் பாடம் ஒன்றே. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதங்கள் காற்றிற் கரைந்தன. அத்தகைய இழப்பு ஒரு பாடசாலைக்கு நேர்ந்தால், விடுகைப் பத்திரம் கேட்டு வரும் பழைய மாணவனுக்கு என்ன விடை கூறுவோம்?

கலைத்துறை கற்றவனாகிய எனக்கு இவ்விடத்தில் ஏட்டுச் சுவடிகளே நினைவுக்கு வருகின்றன. பனையோலை காலத்தால் நொறுங்கும். ஆதலால் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினர். எழுதத் தவறிய நூல்கள் செல்லுக்கு இரையாயின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சுவடிகளைத் தேடி அச்சேற்றியபோது, ஏடு தொட்ட இடமெல்லாம் ஒடியும் நிலையில் இருந்ததை நாம் அறிவோம். சேவையகத்தைப் புதுப்பிப்பதும் ஏடு மாற்றுவதே. பாடம் அப்படியே இருக்க வேண்டும்; அதனைத் தாங்கும் ஓலை மட்டும் புதிதாக வேண்டும்.

நிற்க. செயன்முறைக்கு வருவோம்.

வேலை கட்டளை இடுவதில் தொடங்குவதில்லை. காப்பு நகலில் தொடங்குகின்றது. பிள்ளைகளின் தரவுத்தளம், ஆவணங்கள், அமைப்புக் கோப்புகள் ஆகிய மூன்றையும் வெளிச் சேமிப்பு வட்டொன்றிற் படியெடுத்தல் வேண்டும். படியெடுத்தால் மட்டும் போதாது. அப்படியிலிருந்து ஒரு கோப்பையாவது வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்பு நகல் வெறும் நம்பிக்கையே. மேலும், அந்த வட்டைச் சேவையகத்தின் தலைமேலேயே வைத்துவிட்டுப் போவோர் பலர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கண்டி மாவட்டத்தில் மண்சரிவையும் வெள்ளத்தையும் கொண்டுவந்தபோது, ஒரே அறையில் இருக்கும் மூலமும் நகலும் ஒன்றாகவே அழியும் என்பதை நாம் எல்லோரும் சிந்திக்க நேர்ந்தது. ஒரு படி கட்டடத்துக்கு வெளியே, இயலுமாயின் வேறோர் ஊரில் இருக்கட்டும்.

அடுத்தது நாளும் பொழுதும். சோதிடம் பார்க்கச் சொல்கின்றேன் அல்லேன். ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கண்டிப் பகுதியிற் பிற்பகலானால் இடியும் மின்னலும் கூடிய மழை பெய்வதும், அதனோடு மின்சாரம் போவதும் நாம் அறிந்ததே. நடுவழியில் மின்சாரம் நின்றால் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் பொறி திகைத்து நிற்கும். ஆகவே விடுமுறை நாளொன்றின் காலை வேளையைத் தெரிந்து, தடையிலா மின்வழங்கியின் பற்றரி தாங்குகிறதா என்று முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளியீட்டாளர் தரும் விளக்கக் குறிப்பை வாசித்தல். இதனை வாசிப்போர் அரியர். ஆனால் இவ்வேலையில் மிகப் பயன் தருவது இதுவே என்பது என் துணிபு. டிரிக்ஸியின் குறிப்பிலிருந்து சிலவற்றைச் சொல்கின்றேன். மரியாடிபி என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர், பழைய பதிப்பு முறையாக மூடப்பட்ட பின்னரே புதியதற்குச் செல்ல வேண்டும். மின்வெட்டினால் திடீரென நின்ற தரவுத்தளத்தை அந்நிலையிலேயே உயர்த்த முற்பட்டால் அது மீளாமற் போகக்கூடும். நம் நாட்டுக்கென்றே எழுதினாற் போன்ற எச்சரிக்கை அன்றோ! தொடக்கக் கோப்புகள் தனிப் பிரிவில் இருப்பின் அதில் 300 மெகாபைற் அளவேனும் வெற்றிடம் வேண்டும். தற்காலிகக் கோப்புறை புதிய பதிப்பிலே நினைவகத்தில் இருப்பதால், அங்கே வைத்தவை பொறியை மீளத் தொடக்கியதும் மறையும்.

இவற்றுள் மிக முக்கியமானது 32 பிட் பொறிகளைப் பற்றியது. டிரிக்ஸி பழைய 32 பிட் கணினிகளுக்கென நிறுவியையும் கருவையும் வழங்குவதில்லை. நன்கொடையாகக் கிடைத்த பழங்கணினியைச் சேவையகமாக வைத்திருக்கும் பாடசாலைகளுக்கு இது நேரடியாகத் தாக்கும் செய்தி. அப்பொறிகளுக்கு வழி, தரவுகளை 64 பிட் பொறியொன்றுக்கு மாற்றுவதே. இதனைக் கஞ்சத்தனமின்றிச் செய்தல் வேண்டும் என்பேன். ஏனெனில் வேறொரு காரணமும் இதிற் கலந்திருக்கின்றது. லினக்ஸ் காலத்தை 1970 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றது. 32 பிட் அளவான பெட்டியில் 2,147,483,647 வரையே எண்ணலாம். அந்த எண்ணிக்கை நிரம்பும் கணம் 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அன்று செவ்வாய்க்கிழமை, பாடசாலை நடந்துகொண்டிருக்கும் வேளை. அதற்கடுத்த விநாடியிற் பழைய முறைப் பொறி 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடும். டிரிக்ஸி தான் முழுமையாகத் தாங்கும் பொறிகள் யாவற்றிலும் காலத்தை 64 பிட்டில் எண்ணும் முறைக்கு வந்துவிட்டது. 2038 தொலைவில் உள்ளதென எண்ணாதீர்கள். 2026இல் முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளை அவ்வாண்டிற் பதின்மூன்றாந் தரத்தில் இருக்கும்.

இனிக் கட்டளை வரி. கறுத்த திரையும் கண்சிமிட்டும் சிறு கோடும் கண்டு அஞ்சுவோர் உளர். சுட்டியினால் படத்தைத் தொடுவது, குழந்தை கைநீட்டிக் காட்டிக் கேட்பதை ஒத்தது; கட்டளை வரியில் எழுதுவது வாக்கியம் அமைத்துக் கேட்பதை ஒத்தது. நம் இலக்கணப்படி சொன்னால், முதலில் விளி, பின்னர் ஏவல் வினை. டெபியனில் மென்பொருள்களைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏவலாளின் பெயர் ஆப்ட். அவனை விளித்து, வினையைச் சொல்கின்றோம். முன்னால் சூடோ என்று சேர்த்தால், நிருவாகியின் அதிகாரத்தோடு சொன்னதாகும்.

ஆப்ட் அப்டேட் என்பது முதலாவது. இது பட்டியலை மட்டுமே புதுக்குகின்றது. கடையில் என்னென்ன வந்துள்ளன என்று விசாரித்து வருவதோடு சரி. ஆப்ட் அப்கிரேட் என்பது இரண்டாவது. இதுவே பொருள்களைக் கொண்டுவருவது. இரண்டும் செவிக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் மாணவர் பெரிதும் மயங்குகின்றனர். இவ்விரண்டினாலும் முதலிற் பழைய பதிப்பையே அதன் கடைசித் திருத்தம் வரை நிறைவாக்கிக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக வேலை செய்வோர்க்கு இது தவிர்க்கலாகாதது. 12ஆம் பதிப்பின் எஸ்.எஸ்.எச். திருத்தப்படாதிருந்தால் உயர்த்தும் வேளையில் மீள உள்நுழைய முடியாது போகலாம் என்று குறிப்பே கூறுகின்றது. அத்தோடு டிமக்ஸ் என்னும் சிறு கருவியினுள் வேலையைத் தொடங்குவது நன்று. நம் மடிக்கணினியின் இணைப்பு அறுந்தாலும் சேவையகத்தில் வேலை நிற்காது தொடரும்.

பின்பு, ஆப்ட் எந்தக் கடைக்குச் செல்ல வேண்டும் என்று எழுதியிருக்கும் மூலப் பட்டியற் கோப்பைத் திறந்து, புக்வேர்ம் என்றுள்ள இடமெல்லாம் டிரிக்ஸி என்று மாற்ற வேண்டும். வேற்றார் தந்த மூலங்கள் இருப்பின் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும். இங்கு ஒரு விதி உண்டு. 11இலிருந்து 13க்குத் தாவலாகாது. 11இலிருந்து 12, 12இலிருந்து 13 என்று படிப்படியாகவே ஏறல் வேண்டும். உபுண்டுவிலும் நீண்டகாலப் பதிப்பிலிருந்து அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கே செல்லலாம். அங்கே இவ்வேலை முழுவதையும் டூ ரிலீஸ் அப்கிரேட் என்னும் ஒரே கட்டளை பொறுப்பேற்கின்றது.

மூலத்தை மாற்றியபின் மீண்டும் ஆப்ட் அப்டேட். அதன்பின் ஆப்ட் அப்கிரேட் என்பதோடு புதிய பொதிகளைச் சேர்க்காதே என்னும் குறிப்பையும் கொடுத்தால், இருப்பவற்றுள் இடர்ப்பாடின்றி உயரக்கூடியவை முதலில் உயரும். இறுதியாக ஆப்ட் புல் அப்கிரேட். இது வேண்டியதைச் சேர்க்கும், ஒவ்வாததை நீக்கும். தொடங்குமுன் எவற்றை நீக்கப்போகிறேன் என்று பட்டியல் காட்டும். அப்பட்டியலைப் படிக்காமல் ஆம் என்னும் எழுத்தைத் தட்டுவோரை, வாசியாமற் கையெழுத்திடும் அலுவலரோடு ஒப்பிடுவேன். தரவுத்தளமோ பாடசாலை மென்பொருளோ அப்பட்டியலில் இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

வேலை நடக்கும்போது பொறி இடையிடையே ஒரு கேள்வி கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்திருக்கவா, புதியதை இடவா என்று. இக்கேள்விக்குப் பொது விடை இல்லை. ஒன்றும் சொல்லாது விட்டால் நம்முடையதே நிலைக்கும். பெரும்பாலும் அதுவே பாதுகாப்பானது. எனினும் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டு என்றும் கேட்கலாம். அப்போது பழைய ஆசிரியர் எந்த வரியை எதற்காக மாற்றினார் என்று தெரிந்திருந்தால் அரைநிமிட வேலை. தெரியாவிட்டால் அரைநாள்.

எல்லாம் முடிந்தபின் பொறியை மீளத் தொடக்க வேண்டும். புதிய கரு அப்பொழுதே இயங்கத் தொடங்கும். புக்வேர்மில் 6.1 ஆக இருந்த லினக்ஸ் கரு டிரிக்ஸியில் 6.12. சில பொறிகளில் வலையமைப்பு அட்டைக்கு இட்ட பெயர் மாறிவிடுவதுண்டு. அவ்வாறாயின் சேவையகம் விழித்திருந்தும் எவருக்கும் விடை கூறாது. ஆதலால் மீளத் தொடக்கும் நேரத்தில் திரையும் விசைப்பலகையும் கொண்டு பொறியின் அருகே ஒருவர் இருத்தல் வேண்டும். பின்னர் யூநேம் என்னும் கட்டளையால் கருவின் எண்ணைப் பார்த்து, பிள்ளைகளின் பதிவுகள் திறக்கின்றனவா, தமிழ்ப் பெயர்கள் எழுத்துச் சிதையாது தோன்றுகின்றனவா, அச்சுப்பொறி வேலை செய்கின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை நான் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. ஒருங்குறியல்லாத பழைய எழுத்துருக்களில் பதிந்த பெயர்கள் சில பாடசாலைகளில் இன்னும் கிடக்கின்றன. புதிய முறைமையில் அவை பொருளற்ற குறிகளாய்த் தோன்றலாம்.

எங்கள் பாடசாலையில் இப்பணி ஒரு விடுமுறை நாளின் காலையில் நடைபெற்றது. தகவல் தொழினுட்ப ஆசிரியையும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் செய்தனர். நான் அருகே அமர்ந்து ஒவ்வொரு கட்டளையையும், பொறி கேட்ட கேள்வியையும், கொடுத்த விடையையும் நேரத்தோடு எழுதினேன். கட்டளைகள் ஓடியது மதியத்துக்குள். காப்பு நகலும் வாசிப்பும் அதற்கு முந்திய ஒரு வாரத்தை எடுத்தன.

அந்த எழுத்தைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலே சேர்த்திருக்கின்றோம். பாடசாலைக்கு மேலதிகாரி வந்தது, மரம் விழுந்தது, புதிய ஆசிரியர் கடமையேற்றது எல்லாம் அங்கே பதியப்படும்போது, சேவையகம் பதிப்பு மாறியது மட்டும் ஏன் ஒருவரின் நினைவிலே இருக்க வேண்டும்? கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டிக்குள் உள்ளன. ஆசிரியர் மாறும்போது அவையும் மாற்றப்பட்டு, புதிய உறை வைக்கப்படும். பழைய பதிப்பின் காப்பு நகலை ஒரு தவணை முடியும்வரை அழிக்காது வைத்திருக்கத் தீர்மானித்தோம். டிரிக்ஸிக்கு முழுப் பராமரிப்பு 2028 ஓகஸ்ட் வரை உண்டு. ஆதலால் அவ்வாண்டின் முதலாந் தவணைக்குரிய பக்கத்தில், அடுத்த பதிப்பின் விளக்கக் குறிப்பை வாசிக்கத் தொடங்குக என்று எழுதி வைத்திருக்கின்றோம். அப்பொழுது அங்கே அதிபராயிருப்பவர் அதனைக் காண்பார்.